சிற்பியின் வெறும் மேசை

(கல்லூரியின் நூற்றாண்டு விழா வாரத்தில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



சங்கத்தின் செயலாளர் என்னை அழைத்தபோது, நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார். நான் ஒரு பொது வைத்திய நிபுணர். அவை பற்றி நாள் முழுவதும் பேசுகிறேன். இன்றைக்கு வேறொன்றைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். வானத்தின் தென்பகுதியில் இருக்கும் ஒரு மங்கலான உடுத்தொகுதி பற்றியும், அதைப் பார்த்ததாக இந்தக் கல்லூரி மைதானத்தில் நின்று நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றியும்.

1995ஆம் ஆண்டு தை மாதம். அப்போது நான் சாதாரண தர வகுப்புக்கு வந்திருக்கவில்லை. குடாநாட்டில் மின்சாரம் நின்று நாலரை வருடங்கள் ஆகியிருந்தன. ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தோம். போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய், பஞ்சு, திரி. அதையும் ஒன்பது மணிக்குள் அணைக்க வேண்டும், எண்ணெய் விலை அப்படி. அந்த மாதம் யுத்தநிறுத்தம் வந்திருந்ததால், மாலை ஆறரைக்குப் பிறகு பிள்ளைகளை வெளியே அனுப்பப் பெற்றோருக்குக் கொஞ்சம் துணிவு வந்திருந்தது.

எங்கள் விஞ்ஞான ரீச்சர் தைப்பூசம் கழிந்து ஒரு வாரத்தின் பின் எட்டுப் பேரை வலைப்பந்து மைதானத்துக்கு வரச் சொன்னா. சந்திரன் பிந்தி உதிக்கும் நாள் என்று பார்த்துத்தான் அந்த நாளைத் தெரிவு செய்திருந்தா. அவவிடம் ஒரு பழைய பைனாகுலர் இருந்தது. கப்பலில் வேலை செய்த அவவின் தகப்பனார் கொண்டு வந்தது. ஏழு மடங்கு பெருப்பிக்கும், ஐம்பது மில்லிமீற்றர் வில்லைகள் கொண்ட கனமான சாமான். அந்தக் காலத்தில் அப்படியொன்று வீட்டில் இருப்பதே வில்லங்கம். "இதைப் பற்றி ஒருத்தரிட்டையும் கதைக்கக் கூடாது" என்று சொல்லித்தான் பையிலிருந்து வெளியே எடுத்தா.

முதலில் எல்லோரும் பார்க்கக்கூடிய மிருகசீரிடம், திருவாதிரை, கார்த்திகைக் கூட்டம் எல்லாம் காட்டினா. பிறகு தென்மேற்குப் பக்கம் திரும்பி, ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தைக் காட்டி, "இதிலே சிற்பி எண்டு ஓர் உடுத்தொகுதி இருக்கு" என்றா. நாங்கள் சிரித்தோம். கன்னங்கரேலென்ற வானம்தான் அங்கே இருந்தது. அதற்குள் ஒரு தேங்காய்ப்பூத் துண்டு போல நீளமாக, மங்கலாக ஒன்று தெரியும், அது நமது பால்வீதியைப் போன்ற இன்னொரு விண்மீன் பேரடை என்று சொல்லி, பைனாகுலரைக் கைமாற்றித் தந்தா.

ஒவ்வொருத்தியாகப் பார்த்தோம். "ஓம் ரீச்சர், தெரியுது" என்று முதலாவது பிள்ளை சொன்னாள். இரண்டாவதும் சொன்னாள். நான் ஆறாவது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கை நடுங்கியது, நட்சத்திரங்கள் கோடு கோடாக ஓடின. எனக்கு முன்னால் ஐந்து பேருக்குத் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? "ஓம் ரீச்சர், வடிவாத் தெரியுது" என்றேன். "வடிவா" என்ற சொல்லையும் சேர்த்தேன். ரீச்சர் ஒன்றும் சொல்லாமல் அடுத்தவளிடம் பைனாகுலரைக் கொடுத்தா.

இந்தப் பொய்யை வைத்துக்கொண்டு, அந்த உடுத்தொகுதி என்னவென்று முதலில் சொல்லி விடுகிறேன்.

பண்டைய மக்கள் யாரும் சிற்பிக்குப் பெயர் வைக்கவில்லை. அங்கே பெயர் வைக்கக்கூடிய அளவுக்குப் பிரகாசமான நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. அதன் மிகப் பிரகாசமான நட்சத்திரத்தின் ஒளித்தரம் 4.3. வெறுங்கண்ணின் எல்லை ஏறத்தாழ 6 என்று வைத்தால், அது நகரத்து வானத்தில் காணாமற் போய்விடும். இதற்குப் பெயர் வைத்தவர் நிக்கொலா லூயி டி லக்காய் என்ற பிரெஞ்சு வானியலாளர். 1751இல் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு வந்து, அரை அங்குல அகல வில்லை கொண்ட சிறு தொலைகாட்டியால், ஒரு வருடத்துக்குள் பத்தாயிரத்துக்குக் கிட்டிய தென்வான நட்சத்திரங்களின் இடங்களை அளந்தார். அரை அங்குலம் என்றால் நமது சட்டைப் பொத்தான் அளவு. வெறுமையாகக் கிடந்த இடங்களில் 14 புதிய உடுத்தொகுதிகளை அமைத்தார். அவற்றுக்குத் தேவதைகளின் பெயர்களையோ அரசர்களின் பெயர்களையோ வைக்கவில்லை. பெரும்பாலும் தொழிற் கருவிகளின் பெயர்களையே வைத்தார். மணிக்கூடு, நுணுக்குக்காட்டி, தொலைகாட்டி, உலை, காற்றுப்பம்பி என்று. இது சிற்பியின் வேலைத்தலம். அவருடைய படத்தில் ஒரு மேசை, அதன்மேல் செதுக்கிய ஒரு தலை, பக்கத்தில் சுத்தியலும் உளியும் இருந்தன. பிற்காலத்தில் சுருக்கிச் சிற்பி என்று மட்டும் ஆக்கினார்கள்.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க நமக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. பஞ்சாங்கம் பார்க்கும் எல்லோருக்கும் பூரட்டாதி, உத்திரட்டாதி தெரியும். இரண்டும் இரண்டிரண்டு நட்சத்திரங்கள். நாலும் சேர்ந்தால் வானத்தில் ஒரு பெரிய சதுரம். பூரட்டாதியின் இரு நட்சத்திரங்களையும் இணைக்கும் கோட்டைத் தெற்கே நீட்டிக்கொண்டு போனால், ஃபோமல்ஹோட் என்ற தனித்த பிரகாசமான நட்சத்திரத்துக்குக் கிட்ட வரும். உத்திரட்டாதிக் கோட்டை அப்படியே நீட்டினால் டிப்டா என்ற இரண்டாந் தர நட்சத்திரம். இந்த இரண்டுக்கும் தெற்கே, கீழே ஒன்றுமில்லாதது போலத் தெரியும் இடம்தான் சிற்பி. டிப்டாவிலிருந்து தெற்கே, கையை நீட்டிப் பிடித்தால் ஒரு கைமுட்டிக்குச் சற்றுக் குறைந்த தூரத்தில், ரீச்சர் காட்டிய அந்தப் பேரடை இருக்கிறது. அட்டவணையில் அதன் பெயர் என்.ஜி.சி. 253.

ஏன் அந்த இடம் இவ்வளவு வெறுமையாக இருக்கிறது? ஒரு பனங்கூடலுக்குள் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் மரத்துக்குப் பின்னால் மரம், ஊர் தெரியாது. அண்ணாந்து பார்த்தால் மட்டும் ஓலைகளுக்கிடையே வானம் தெரியும். நமது பால்வீதியும் தட்டையான ஒரு கூடல் மாதிரித்தான். அதன் தளத்தின் வழியே பார்த்தால் நட்சத்திரமும் தூசியும் நெருங்கி மறைக்கும். அந்தத் தளத்துக்கு நேர் செங்குத்தாகத் தெற்குப் பக்கம் பார்க்கும் திசையை எமது பேரடையின் தென்முனை என்கிறார்கள். அந்த முனை சிற்பிக்குள்தான் இருக்கிறது. நமது சொந்த நட்சத்திரங்கள் அங்கே குறைவு. அதனால்தான் வெறுமை. அதனால்தான் மிகத் தூரம் பார்க்கவும் முடிகிறது.

எவ்வளவு தூரம்? என்.ஜி.சி. 253 ஏறக்குறைய 1 கோடியே 10 இலட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. நீளப் பக்கத்தில் பூரண சந்திரனின் அகலத்துக்குக் கிட்ட வரும். அதன் நடுப்பகுதியில் புதிய நட்சத்திரங்கள் மிக வேகமாகப் பிறந்துகொண்டிருக்கின்றன. அதற்குப் பக்கத்தில், அதே பைனாகுலர் வட்டத்துக்குள்ளேயே, என்.ஜி.சி. 288 என்ற கோளக் கொத்து தெரியும். அது நமது பேரடையைச் சேர்ந்தது. தூரம் 30,000 ஒளியாண்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரே பார்வையில் அயல் வீடும் அடுத்த கண்டமும். இன்னும் ஆழமாகப் போனால், 50 கோடி ஒளியாண்டு தூரத்தில் வண்டிச் சக்கரம் போன்ற ஒரு பேரடை உண்டு. 1941இல் பிரிட்ஸ் சுவிக்கி கண்டுபிடித்தார். அதைவிடவும் அப்பால், ஏறத்தாழ 400 கோடி ஒளியாண்டில், பண்டோரா கொத்து என்ற பேரடைக் கூட்டம் ஒன்று. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைகாட்டி எடுத்து 2023இல் வெளியான அதன் படத்தில் ஏறக்குறைய 50,000 ஒளிப்புள்ளிகள் பதிந்தன. நாங்கள் எட்டுப் பேரும் நின்று சிரித்த அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் இவ்வளவும் இருக்கின்றன.

என்.ஜி.சி. 253ஐ முதன்முதல் கண்டவர் ஒரு பெண். இந்த மண்டபத்தில் அவருடைய பெயரைச் சொல்லாமல் போகக் கூடாது. கரோலைன் ஹெர்ஷல். 1750இல் ஜேர்மனியின் ஹனோவர் நகரில் பிறந்தவர். பத்து வயதில் டைபஸ் காய்ச்சல் வந்து வளர்ச்சி நின்றது. உயரம் நாலேகால் அடி. பெண்பிள்ளைக்கு வீட்டு வேலை போதும் என்று தாயார் நினைத்தார். 1772இல் தமையன் வில்லியம் அவரை இங்கிலாந்தின் பாத் நகருக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாடகியாக வந்தவர், தமையனுக்கு உதவியாக நின்று, பின்பு தன்பாட்டிலே வானத்தைத் துழாவ ஆரம்பித்தார். 1783ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆம் திகதி, இலண்டனுக்கு மேற்கே டாச்செற் என்ற ஊரில், ஒரு சிறிய தொலைகாட்டியால் இந்தப் பேரடையைக் கண்டு குறித்து வைத்தார். பின்னர் எட்டு வால்வெள்ளிகளையும் கண்டுபிடித்தார். 1787இலிருந்து அரசர் அவருக்கு வருடத்துக்கு 50 பவுண் சம்பளம் வழங்கினார். விஞ்ஞானப் பணிக்குப் பெண்ணொருவர் சம்பளம் பெறுவது அக்காலத்தில் கேள்விப்படாத விடயம். 1828இல் அரச வானியல் கழகத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது. 97 வயது வரை வாழ்ந்தார்.

மேற்பயிற்சிக்காக ஒரு வருடம் இங்கிலாந்தில் இருந்தபோது, பாத் நகரில் நியூ கிங் தெருவிலுள்ள அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். இப்போது அது நூதனசாலை. அன்றிரவு விடுதிக்கு வந்து கடதாசியில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். டாச்செற்றிலிருந்து பார்த்தால் அந்தப் பேரடை அடிவானத்திலிருந்து அதிகபட்சம் 13 பாகைதான் உயரும். ஒரு கைமுட்டியும் ஒரு விரலும். பனிப்புகைக்கும் மரங்களுக்கும் மேலே, அவ்வளவு தாழ்வில், அதை அவர் பிடித்திருக்கிறார். இங்கே யாழ்ப்பாணத்தில் அது 55 பாகை உயரத்துக்கு வருகிறது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

இனி, எனது தொழிலோடு சேர்ந்த விடயத்துக்கு வருகிறேன். ஏன் அன்று எனக்குத் தெரியவில்லை?

நமது விழித்திரையில் ஒளியை உணரும் கலங்கள் இரண்டு வகை. நாம் நேரே உற்றுப் பார்க்கும்போது உருவம் விழும் மையப் புள்ளியில் கூம்புக் கலங்கள் மட்டுமே இருக்கின்றன. அவை வாசிக்கவும் நிறம் பார்க்கவும் உதவும். ஆனால் நல்ல வெளிச்சம் வேண்டும். மங்கல் ஒளியில் வேலை செய்பவை கோல் கலங்கள். அவை மையத்தில் இல்லை, சுற்றி வர இருக்கின்றன. ஆகவே மிக மங்கலான ஒன்றை நேரே பார்த்தால் அது மறைந்துவிடும். சற்று விலக்கி, அதற்குக் கொஞ்சம் மேலே பார்த்தால், கண்ணின் ஓரத்தில் அது எழும்பி வரும். திரும்ப நேரே பார்த்தால் மறுபடியும் போய்விடும்.

இரண்டாவது விடயம் பொறுமை. இருட்டுக்குப் போனவுடன் கண் தயாராவதில்லை. கோல் கலங்களிலுள்ள நிறப்பொருள் முழுதாகத் திரும்ப உருவாக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். இடையில் ஒரு தடவை கைத்தொலைபேசியைப் பார்த்தால், திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த நிறப்பொருளைச் செய்ய விற்றமின் ஏ வேண்டும். அது குறைந்தால் மாலைக்கண் வரும். முருங்கையிலையும் பப்பாசியும் சாப்பிடச் சொல்லி அம்மம்மாமார் கலைத்துக் கலைத்துத் தந்தது இதற்கும் சேர்த்துத்தான்.

ரீச்சர் அன்றைக்கே சொன்னா, "நேரே பாக்காதையுங்கோ பிள்ளையள், கொஞ்சம் மேலை பாருங்கோ" என்று. நான் கேட்கவில்லை. தெரிய வேண்டும் என்ற அவதியில் உற்று உற்றுப் பார்த்தேன்.

அந்த வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு நடந்தது உங்களில் பலருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழைக்குள்ளே, சனத்தோடு சனமாக நாங்களும் செம்மணி தாண்டித் தென்மராட்சிக்குப் போனோம். எட்டுப் பேரும் எட்டுத் திசைக்குப் போனோம். ரீச்சர் பைனாகுலரைப் பொலித்தீனில் சுற்றிக் கிணற்றடியில் புதைத்துவிட்டுப் போனாவாம். திரும்பி வந்தபோது அது அங்கே இல்லை.

எனக்கு அந்தப் பொய் மறந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. மருத்துவ பீடத்தில் மூன்றாம் வருடம். வாட்டில் ஒரு நோயாளியைச் சுற்றி ஆறு மாணவர்கள் நிற்கிறோம். பெருநாடி வால்வினூடாக இரத்தம் பின்னோக்கிக் கசியும் நோய். அதன் ஓசை மிக மெல்லியது. ஒரு பெருமூச்சு மாதிரி வந்து போகும். ஒவ்வொருவராக ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டோம். "கேட்குதா?" "கேட்குது சேர்." "கேட்குதா?" "கேட்குது சேர்." என் முறை வந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வாய் திறந்து "கேட்குது" என்று சொல்லப் போனபோது, வலைப்பந்து மைதானம் ஞாபகத்துக்கு வந்தது. "இல்லை சேர், எனக்குக் கேட்கவில்லை" என்றேன்.

வாடு அமைதியானது. பேராசிரியர் கோபப்படவில்லை. நோயாளியை எழுப்பி இருத்தி, முன்னுக்குச் சாயச் சொல்லி, மூச்சை முழுதாக வெளியே விட்டுப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மார்பெலும்பின் இடது ஓரத்தில் எனது ஸ்டெதஸ்கோப்பை அழுத்தி வைத்தார். "இப்ப உரத்த சத்தத்தை விட்டிடும். ரெண்டாவது சத்தத்துக்குப் பிறகு வாற அமைதியைக் கேளும்" என்றார். கேட்டேன். அமைதிக்குள்ளிருந்து அது வந்தது. அதற்குப் பிறகு, முன்னர் "கேட்குது" என்று சொன்ன இருவர், "சேர், நாங்களும் ஒருக்காக் கேக்கட்டோ" என்று வந்தார்கள்.

தங்கைமாரே, இதை நான் புத்திமதியாகச் சொல்லவில்லை. மங்கலான விடயங்களில்தான் நாம் அதிகம் பொய் சொல்கிறோம். சூரியனைக் கண்டதாக யாரும் பொய் சொல்லத் தேவையில்லை. தெரிந்தும் தெரியாமலும் இருப்பதில்தான், மற்றவர்களுக்குத் தெரிகிறதே என்ற பயத்தில், "ஓம்" என்று விடுகிறோம். வைத்தியத்தில் அந்த "ஓம்" ஆபத்தானது. கேட்காத ஓசையைக் கேட்டதாக எழுதினால் ஒருவருக்குத் தேவையற்ற மருந்து போகும். நோயாளிகளும் எங்களுக்கு அப்படிச் சொல்கிறார்கள். "விளங்கினதோ அம்மா?" "ஓம் டொக்டர்." விளங்கியிருக்காது. அதனால் இப்போது நான் அப்படிக் கேட்பதில்லை, "வீட்டை போய் மகளுக்கு என்னெண்டு சொல்லுவியள்?" என்று கேட்கிறேன்.

சிற்பிக்குத் திரும்புகிறேன். தீவுப்பகுதியில் ஒரு சிறிய வைத்தியசாலையில் கடமையாற்றிய காலம். மார்கழி மாதம், மழை விட்ட ஒரு வாரம். முதற் சம்பளத்தில் இல்லை, பல சம்பளங்களுக்குப் பிறகு, கொழும்பில் ஒரு பைனாகுலர் வாங்கியிருந்தேன். ஏழேகால் மணிக்கு விடுதியின் பின்பக்கம், கடலை நோக்கி, ஒரு சாய்மனைக் கதிரையைப் போட்டுப் படுத்தேன். முழங்கைகளைக் கதிரையின் கைகளில் ஊன்றினேன். அப்படிச் செய்தால் நடுக்கம் இல்லை. இருபது நிமிடம் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். உத்திரட்டாதியிலிருந்து டிப்டாவுக்கு வந்தேன். அங்கிருந்து கீழே இறங்கி, நேரே பார்க்காமல், வட்டத்தின் மேல் விளிம்பைப் பார்த்தேன்.

அது அங்கே இருந்தது. சாய்வாக, நீளமாக, கண்ணாடியில் மூச்சு விட்ட அடையாளம் போல. நேரே பார்த்தேன், மங்கியது. மேலே பார்த்தேன், வந்தது. ஆறேழு தடவை செய்து பார்த்தேன், எனக்கு நானே பொய் சொல்கிறேனா என்று அறிய. இல்லை. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், அதே சாய்வில் இருந்தது. பதினைந்து வருடம் பிந்தி, ரீச்சர் காட்டியதை நான் கண்டேன். அன்றைக்கு எனது குறிப்புப் புத்தகத்தில் திகதியையும் நேரத்தையும் எழுதி, கீழே "கண்டேன்" என்று மட்டும் எழுதினேன்.

இந்த மலர் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சிட்னிக்கும் போகும் என்று அறிகிறேன். ஆகவே வெளிநாடுகளில் உள்ள சகோதரிகளுக்கும் சில வார்த்தைகள். இலண்டனில் இருப்பவர்களுக்குக் கரோலைனுக்குக் கிடைத்ததைப் போலவே ஏறத்தாழ 13 பாகைதான். தெற்கே கடல் திறந்திருக்கும் கரையோர ஊர் ஒன்றுக்குப் போனால் வாய்ப்பு உண்டு. ரொறன்ரோவில் 21 பாகை. நகரத்தின் வெளிச்சத்தைத் தாண்டி வெளியே போக வேண்டும். டிசெம்பர் தொடக்கத்தில் இரவு எட்டு மணியளவில் தெற்கே பாருங்கள். குளிருக்கு உடுத்திக்கொண்டு போங்கள். சிட்னியில் இருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். அங்கே அது ஏறத்தாழ உச்சிக்கே, 81 பாகைக்கு வரும். ஒக்டோபர், நவம்பர் இரவுகள் நல்லவை. இன்னொரு செய்தி: சிட்னியில் நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் பரமட்டாவில்தான், 1826இல் ஜேம்ஸ் டன்லொப் என்பவர் சிற்பியின் இன்னும் இரண்டு பேரடைகளான என்.ஜி.சி. 55, என்.ஜி.சி. 300 ஆகியவற்றைக் கண்டுபிடித்தார். என்.ஜி.சி. 55 இலண்டனில் உதிப்பதே இல்லை. இங்கே நமக்கு 41 பாகை உயரத்தில் வருகிறது. ஊருக்கு விடுமுறையில் வரும்போது பார்த்துக்கொண்டு போங்கள்.

கடைசியாக ரீச்சரைப் பற்றி. பெயரைச் சொன்னால் அவவுக்குப் பிடிக்காது. எண்பதைத் தாண்டிவிட்டா. சென்ற வருடம் பார்க்கப் போனேன். விழித்திரையின் மையப் பகுதி தேயும் நோய், முதுமையில் வருவது, இரண்டு கண்களிலும் வந்திருக்கிறது. நடுப்பார்வை போய்விட்டது, சுற்றுப் பார்வை இருக்கிறது. நான் முன்னால் போய் நின்றேன். அவ எனது முகத்தைப் பார்க்காமல் எனக்கு ஒரு பக்கமாகப் பார்த்தா. வேறு யாரையோ பார்க்கிறா என்று நினைத்தேன். "உன்ரை முகத்தைப் பாக்க வேணுமெண்டால் நான் உன்ரை காதைப் பாக்க வேணும் பிள்ளை. நேரே பாத்தால் நீ இல்லை" என்று சொல்லிச் சிரித்தா. கண் வைத்தியசாலையில் இப்படி ஓரப் பார்வையைப் பழகச் சொல்லிக் கொடுத்தார்களாம். "எனக்கு இதுக்கு ஆர் பழக்க வேணும்? நான் ஐம்பது வருசமாச் செய்யிறன்" என்று அவர்களிடம் சொன்னாவாம்.

அப்போதுதான் நான் சொன்னேன். "ரீச்சர், 95இலை நான் அந்தப் பேரடையைக் காணேல்லை. பொய் சொன்னனான்."

"தெரியும்" என்றா. "நீ பைனாகுலரைப் பிடிச்சது மேற்கு மதில் பக்கம். அதிலை மாமரம்தான் நிண்டது."

"அப்ப ஏன் ரீச்சர் அண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லை?"

"மற்றப் பிள்ளையளுக்கு முன்னாலை என்னத்தைச் சொல்லுறது? ஒருநாள் நீயாப் பாப்பாய் எண்டு விட்டிட்டன். பாத்தியோ?"

"பாத்தன் ரீச்சர்."

"வடிவாத் தெரிஞ்சுதோ?"

"இல்லை ரீச்சர். மங்கலாத்தான் தெரிஞ்சுது."

"அதுதான் சரி" என்றா. பிறகு தேத்தண்ணி போடச் சொல்லி மகளைக் கூப்பிட்டா.

அதிபர் அவர்களே, சங்கத்தாரே, நூற்றாண்டுக்காகக் கட்டடங்களும் புலமைப்பரிசில்களும் திட்டமிட்டிருக்கிறீர்கள், எல்லாம் தேவையானவை. அவற்றோடு என்னிடம் ஒரு சிறிய வேண்டுகோளும் உண்டு. விஞ்ஞான மன்றத்துக்கு இரண்டு பைனாகுலர்களை எனது வகுப்புத் தோழிகள் சார்பில் இன்று கையளிக்கிறோம். அந்த எட்டுப் பேரில் ஐவரைத் தேடிப் பிடித்துவிட்டோம். நாலு நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் மூவர் தாங்களும் அன்றைக்குக் காணவில்லை என்று இப்போது ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியது, வருடத்தில் ஓரிரவு, மார்கழி விடுமுறையிலோ தை மாதத்திலோ, சந்திரன் இல்லாத நாளாகப் பார்த்து, மைதானத்தின் மின்விளக்குகளை இரண்டு மணித்தியாலம் அணைத்துவிடுவது. அந்தக் காலத்தில் எங்களுக்கு வேண்டாத இருட்டு நிறையவே இருந்தது. அது திரும்பி வர வேண்டாம். இது நாமாக, விரும்பி, இரண்டு மணித்தியாலத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் இருட்டு.

பிள்ளைகளே, அன்றைக்கு உங்களில் யாருக்காவது ஒன்றும் தெரியாவிட்டால், "எனக்குத் தெரியேல்லை ரீச்சர்" என்று சொல்லுங்கள். பக்கத்தில் நிற்பவள் "தெரியுது" என்று சொன்னாலும் சொல்லுங்கள். இன்னொரு பத்து நிமிடம் இருந்து, கொஞ்சம் மேலே பார்த்து, திரும்பவும் முயற்சி செய்யுங்கள். அன்றைக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அது 1 கோடியே 10 இலட்சம் வருடம் பயணம் செய்து வந்த வெளிச்சம். அடுத்த வருடமும் வரும்.